அறுநூறு மஞ்சள் சீட்டுகள்

ஜூன் 3, செவ்வாய்

பதிப்பகத்தின் கிடங்கில் இன்று அறுநூறு பிரதிகள் அள்ளினேன். வீட்டு மின்வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகம். கெட்டி அட்டை, வண்ணப் படங்கள். விற்காமல் தேங்கிவிட்டதாம். சும்மா ஆழம் பார்க்கத்தான் பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கேட்டேன். கிடங்குக்காரர் உடனே தலையாட்டிவிட்டார். பதினெட்டு வருடமாக அவரிடம் மிச்சப் புத்தகம் வாங்குகிறேன், ஒரு தடவைகூட அந்த மனுஷன் மல்லுக்கு நிற்காமல் விட்டதில்லை. "எடுத்துட்டுப் போங்கம்மா, திருப்பி மட்டும் கொண்டுவராதீங்க" என்றார். கட்டுகளை அவரே வண்டியில் ஏற்றியும் விட்டார்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அந்த மனுஷன் ஏன் பேரம் பேசவில்லை என்றே வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மூன்று நாளாகத் துடைக்கிற வேலை. மிச்சப் புத்தகம் என்று பார்த்ததும் தெரியக்கூடாது, என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஈரப் பஞ்சால் தூசியைத் துடைப்பேன், மடிந்த முனையை நீவுவேன், உள்ளே சீட்டு ஒட்டியிருந்தால் உரித்துவிடுவேன். சீட்டைப் பார்த்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், பழசோ பழுதோ என்று. இந்தப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் சீட்டு. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும்.

கடையில் என்னோடு இருக்கும் தங்கை ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். "அக்கா, என்னவோ பொடி எழுத்துல போட்டிருக்கே, படிக்கட்டுமா?"

"விலையை மாத்தியிருப்பான். வாயாடாம உரி."

சாயங்காலம் உரித்த சீட்டுகளை மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம்.

ஜூன் 21, சனி

இன்று மட்டும் நாற்பத்தொன்று போயிற்று. சமையல் புத்தகம்கூட இப்படி ஓடியதில்லை.

ஜூலை 14, திங்கள்

முனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் வந்தார். "என் பொழப்புல மண்ணைப் போடுறீங்களே" என்று சிரித்துக்கொண்டேதான் புத்தகத்தைப் புரட்டினார். குளியலறை வெந்நீர் ஹீட்டர் படம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"எர்த் கம்பியைக் கொண்டுபோய் நியூட்ரல்ல சேர்த்திருக்கான். எவன் போட்ட படம் இது?"

"அப்படி மாட்டினா வேலை செய்யாதா?"

"நல்லா வேலை செய்யும். அதுதான் ஆபத்து. இன்னைக்கு ஒண்ணும் ஆகாது, நாளைக்கும் ஆகாது. என்னைக்காவது ஒரு கம்பி லூஸாச்சுன்னா ஹீட்டர் உடம்பு முழுக்க கரண்ட். தொட்டவங்க அவ்வளவுதான்."

அவர் போன பிறகு மேஜைக்கடியில் கிடந்த சீட்டு ஒன்றைத் தங்கை தேடி எடுத்தாள். *74ஆம் பக்கப் படம் தவறானது. உயிருக்கு ஆபத்து. பின்பற்ற வேண்டாம்.*

படிக்கட்டுமான்னு கேட்டாளே! நான்தானே வாயை அடைச்சேன்!

ஜூலை 15, செவ்வாய்

கிடங்குக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "சீட்டு ஒட்டித்தானேம்மா குடுத்தோம்?"

போனை வைத்துவிட்டேன்.

மிச்சம் இருப்பது 322. அதை நானே பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டுவிடுவேன். வெளியே போன 278? இந்த வியாபாரத்தில் யாரிடம் பேர் கேட்கிறோம், யாரிடம் விலாசம் கேட்கிறோம்! ஒரு முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் பணம் என்று கடை வாசலில் பலகை வைக்கிறேன் என்றேன். "வை. அச்சுப் பிழைன்னு எழுது. உரிச்ச கதையை மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாதே. கடையை மூடிட்டு எங்கே போறது?" என்றாள் தங்கை. அச்சுப் பிழை என்றே எழுதினேன். பொய் இல்லையே. பிழை அச்சில்தானே?

ஜூலை 30, புதன்

திரும்பி வந்தவை 63. ஒருவர், "மாட்டிப் பார்த்தேங்க, சூப்பரா ஓடுது, எதுக்குத் திருப்பணும்?" என்று சண்டைக்கே வந்தார். எலக்ட்ரீஷியனை அவரோடு கையோடு அனுப்பி வைத்தேன்.

காலையில் பேப்பர் வந்ததும் விபத்துச் செய்தியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மொத்தம் 97. ஒரு வாரமாக யாரும் வரவில்லை. குளிர் ஆரம்பித்தால் எல்லார் வீட்டிலும் ஹீட்டர் போடுவார்கள். தங்கை தூங்குகிறாளே, எப்படி முடிகிறது அவளால்?

அக்டோபர் 16, வியாழன்

மத்தியானம் ஒருவர் வந்தார். சவரம் செய்யாத முகம். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். நான் பணத்தை எடுத்தேன்.

"பணம் வேண்டாம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." முதல் பக்கத்தைத் திறந்து, காய்ந்த பசைத் தடத்தைக் காட்டினார். "இங்கே என்ன இருந்துச்சு?"

தங்கை முந்திக்கொண்டாள். "அது விலைச் சீட்டு சார்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் குளிக்கப் போனாளாம். பதினொரு நாளாகக் கண் திறக்கவில்லையாம். இரண்டையும் பால் பாக்கெட் வாங்கிய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எச்சரிக்கை இருந்துச்சு. படம் தப்புன்னு. படிக்காம நான்தான் உரிச்சேன்" என்றேன். தங்கை என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு சொன்னார்:

"படத்துல இருந்த மாதிரிதாம்மா மாட்டினேன். ஆனாலும் நான்தான் எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்னு... வீட்ல எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. பொண்ணோட அம்மா என்கூடப் பேசுறதே இல்ல. இதை அவகிட்ட வந்து சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னார்.

நாளை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில்.