ஒரு வீட்டுக்கு ஒரு கை

மார்ச் 4, செவ்வாய்

காலை நடை போய்விட்டுத் திரும்பும்போது பார்த்தேன். நம் குடியிருப்பு நீச்சல் குளத்தின் கண்ணாடிச் சுவர் முழுக்க உள்பக்கமாக நீலத் துணி. நைலான் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் மாட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேனைக் கேட்டால், “ஆறுலேருந்து ஏழு வரைக்கும் லேடீஸ் மட்டும் சார். நீச்சல் கோச் சொல்லிட்டாங்க” என்கிறான்.

சொல்வதற்கு அவள் யார்? போன வருடம் வேலைக்கு வந்தவள். எல்லா வீடுகளும் பராமரிப்புக் கட்டணம் கட்டி நடத்துகிற குளத்தில் ஆணுக்கு ஒரு நேரம், பெண்ணுக்கு ஒரு நேரம் என்று பிரிக்கும் அதிகாரத்தை அவளுக்கு யார் கொடுத்தது? கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்துவிட்டது எனக்கு. பிரிவினை எப்போதும் இப்படித்தான் வரும் — கயிறும் கிளிப்புமாக, யாருக்கும் தொந்தரவில்லாத நேரத்தில்.

இது இதே கட்டடத்தில் இருக்கும் பல் டாக்டரின் வேலை. சந்தேகமே இல்லை.

மார்ச் 7, வெள்ளி

லிப்டில் அவரோடு மாட்டிக்கொண்டேன்.

“என்ன புரொபசர் சார், துணியப் பாத்துப் பயந்துட்டீங்களாமே?”

நான் புரொபசர் இல்லை, இணைப் பேராசிரியராகவே நிறுத்திவைக்கப்பட்டவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். துறைத் தலைவர் பதவி சிரித்துச் சிரித்தே மேலே போன ஒருவனிடம் போய்ச் சேர்ந்த கதையை இந்தக் குடியிருப்பில் அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவரோடு பேச்சு இருந்த காலத்தில், அவர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று, வாய் மரத்துக் கிடந்தபோது. அதை வைத்துக்கொண்டு இன்றுவரை ‘புரொபசர்’ என்கிறார். ஒவ்வொரு முறையும் அழுத்தி.

“பல்லு பிடுங்குறவருக்குத் துணி வியாபாரம் எதுக்கு டாக்டர்?” என்றேன்.

“அந்தத் துணி என்னுதில்ல. எங்களுக்கு அது அவமானம். ஒரு மணி நேரம்னா பிச்சை போடுற மாதிரி இருக்கு. வாரத்துல மூணு நாள் முழுசா வேணும், டிரெஸ்ஸுக்கு விதி வேணும். பொதுக்குழுவுல பாருங்க.”

அவர் நடத்தும் வாட்ஸப் குழுவின் பெயர் ‘குடும்பப் பண்பு’. நாங்கள் நடத்துவது ‘சம உரிமை’. இரண்டும் தொடங்கி இரண்டு வருடமாகிறது. அதற்குள் இந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் கதவைப் பிடித்து நிற்பதில்லை.

மார்ச் 8, சனி

அப்படியானால் அந்தப் பெண் தன் இஷ்டத்துக்கே திரை கட்டியிருக்கிறாள். இது அதைவிட மோசம்.

மார்ச் 12, புதன்

கோச்சிடம் போனேன். குளோரின் டப்பாவை முழங்காலில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யார் அனுமதி கொடுத்தது?” என்றேன்.

“யாரும் குடுக்கல சார். சில பேர் கேட்டாங்க, கட்டினேன். ஏழு மணிக்கு நானே கழட்டிடறேனே.”

“கொள்கை விஷயம் இது.”

“ஒரு மணி நேரம் துணி தொங்குனா உங்க கொள்கை நனைஞ்சுடுமா சார்? நேத்து டாக்டர் வந்து இதே இடத்துல நின்னு இதையேதான் கத்துனாரு. ரெண்டு பேரும் ஒண்ணா வந்தா நான் ஒரே தடவையில திட்டு வாங்கிக்குவேன்.”

சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் திட்டியதற்கும் நான் கேட்டதற்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் என்ன பேசுவது? யார் கேட்டார்கள், பெயரைச் சொல் என்றேன். சொல்லமாட்டாளாம்.

மார்ச் 13, வியாழன்

பெயர் தெரிந்துவிட்டது.

பால்கனியில் என் சட்டைகளுக்குப் பின்னால், மறைவாக, ஒரு கறுப்பு நீச்சல் உடை. முழுக்கை, கணுக்கால்வரை. சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆமா, நான்தான்” என்றாள் மனைவி. முட்டி அறுவைசிகிச்சை முடிந்ததிலிருந்து தண்ணீருக்குள் நடக்கச் சொல்லிப் பிசியோதெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொன்னாள். இவள்தான் மாட்டேன் என்றாள். சுற்றிலும் பால்கனி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், இந்த வயதில் இந்தக் காலை வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் இறங்க முடியாது என்று. நான் நடை போகும் நேரத்தில் இவள் குளத்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய கைத்தடி சில நாளாகக் கதவுக்குப் பின்னால் சும்மா சாத்தியிருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பிரசங்கம் பண்ணுவீங்க.”

“திரைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் குளிக்கிறதுதான் உனக்கு விடுதலையா?”

“எனக்கு முட்டி வலிங்க. அதுக்குத் தண்ணி. உங்களுக்கு என்ன வலின்னுதான் எனக்குத் தெரியல.”

இதற்குப் பதில் இருக்கிறது. பார்வைக்குப் பயந்து பெண் ஒளிந்துகொள்வதல்ல, பார்ப்பவன் வெட்கப்பட வேண்டும் என்பது. சரியான பதில். சொல்லவும் செய்தேன். அவள் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 19, புதன்

இன்று நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இங்கே.

சாயங்காலம் குளத்து உடைமாற்றும் அறையில் இருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ நாலைந்து பேரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஷவர் சத்தத்தில் குரல் பிடிபடவில்லை, வார்த்தைகள் மட்டும் கேட்டன. “நாம வாய மூடிக்கிட்டு இருந்ததாலதான் இவ்வளவு தூரம் வந்துச்சு. இன்னிக்கு ஒரு மணி நேரம்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு நம்ம வீட்டுக்குள்ளயே வந்து சட்டம் போடுவாங்க. அவங்க கையிலதான் எல்லாம் இருக்கு. பத்திரிகை அவங்களுது, படிச்சவனெல்லாம் அவங்க பக்கம். பேசுனா நம்மளத்தான் பைத்தியக்காரன்னுவாங்க. நடுவுல நிக்கிறவன நம்பாதீங்க, அவன்தான் முதல்ல காட்டிக்குடுப்பான்.”

தலையாட்டிக்கொண்டே கேட்டேன். நம் குழுவிலிருக்கும் பேங்க்காரர்தான், இவ்வளவு தெளிவாகப் பேசுவார் என்று தெரியாமல் போயிற்றே, வெளியே போனதும் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது ஷவரை மூடினார்கள். தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தேன்.

பல் டாக்டர்.

கையில் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். ‘பணக்காரனெல்லாம் அவங்க பக்கம்’ என்பேன் நான், ‘படிச்சவனெல்லாம்’ என்கிறார் அவர். மற்றபடி வரிக்கு வரி போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் நான் பேசியது. திருடினாரா? இல்லை, அவர் முகத்தைப் பார்த்தேனே. உண்மையாகவே பயந்திருக்கிறார். உண்மையாகவே தான் சிறுபான்மை என்று நம்புகிறார். இந்த ஆளா! வீடு வீடாகப் போய் மிரட்டுகிற ஆளா!

அவரை வெறுக்க இதுவரை இரண்டு காரணங்கள் இருந்தன. இப்போது மூன்று. என் பயத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறார், அது அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்வது உண்மை, அவர் சொல்வது பொய். அவரும் ராத்திரி உட்கார்ந்து இதையேதான் நினைப்பாரா? நினைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

குழுக் கூட்டம், என் வீட்டில். பேங்க்காரர் மெதுவாக ஆரம்பித்தார். “விட்றலாமே சார். காலையில ஒரு மணி நேரந்தானே? என் மாமியார்கூட ஆசப்படறாங்க.”

அவரை அங்கேயே உரித்துத் தொங்கவிட்டேன். பல் டாக்டரிடம்கூட நான் அவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை. எதிரி என்றால் அங்கே நிற்கிறான், தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்து நம் காப்பியைக் குடித்துக்கொண்டே குழைகிறவனை என்ன செய்வது? அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். குழுவிலிருந்தும் போய்விட்டார்.

டாக்டர் பக்கத்திலும் இதே வாரம் ஒருவரை நீக்கியிருக்கிறார்களாம். குற்றம்: திரை போதும் என்று சொன்னது.

மார்ச் 30, ஞாயிறு

பொதுக்குழு. விவரமாக எழுதிவைக்க வேண்டும், நாளைக்கு ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

முதல் தீர்மானம் என்னுடையது: எந்தப் பிரிவினையும் கூடாது. தோற்றது. இரண்டாவது டாக்டருடையது: தனி நாட்கள், உடை விதி. அதுவும் தோற்றது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததில் என் தோல்வி பாதி ஆறியது.

மூன்றாவது, கோச்சின் ஏற்பாடு இப்படியே தொடரலாமா என்பது. “எதிர்க்கிறவங்க கை தூக்குங்க” என்றார் செயலாளர். நான் தூக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் எதிர்வரிசையில் டாக்டரும் தூக்கியிருக்கிறார். என் ஆட்கள், அவர் ஆட்கள், எல்லாக் கையும் மேலே. “ஆதரிக்கிறவங்க” என்றபோது பேங்க்காரரும் இன்னும் சிலரும்.

பின்வரிசையிலும் இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று என் மனைவியுடையது. இன்னொன்று அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் வீட்டம்மாவுடையது.

செயலாளர் சங்கடத்தோடு சிரித்தார். “மன்னிக்கணும்மா. ஒரு வீட்டுக்கு ஒரு கைதான். உங்க ரெண்டு வீட்டுக் கையும் எண்ணியாச்சு.”

இரண்டு பேரும் கையை இறக்கினார்கள். உடனே இல்லை.

டாக்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. யாரையாவது கடிக்க வேண்டும்போல் இருந்தது. நான் எழுந்து, சங்கத்தைக் கேட்காமல் தன்னிச்சையாகத் திரை கட்டி இவ்வளவு பிளவுக்கும் காரணமான நீச்சல் பயிற்சியாளரைப் பணிநீக்கம் செய்ய வேண்டும் என்றேன். பேசும்போது எனக்கே நியாயமாகத்தான் பட்டது.

“வழிமொழியறது யாரு?” என்றார் செயலாளர்.

“நான்” என்றார் டாக்டர்.

கை தட்டினார்கள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக இரண்டு பக்கமும் சேர்ந்து. கோச் வாசலருகே நின்றுகொண்டிருந்தாள். “ஒண்ணா வந்துட்டீங்களே சார்” என்றாள் என்னிடம். இந்த முறை சிரிக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

“சம உரிமைன்னு பேசறீங்களே, என் கைய எண்ணலயே?” — காலையில் மனைவி.

அது சங்கத்தின் விதி, நான் எழுதியதல்ல என்றேன். “ஆமா, நீங்க எழுதல” என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

உரிமம் பெற்ற பயிற்சியாளர் இல்லாமல் குளத்தைத் திறந்துவைக்கக் கூடாதாம். நகராட்சி விதி. புது ஆள் யாரும் வரவில்லை. ‘அந்தச் சண்டைக்கார அபார்ட்மென்ட்டா’ என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்களாம். தண்ணீர் பச்சையானதும் இறைத்துவிட்டுப் பூட்டிவிட்டார்கள்.

எங்கள் குழுவில் ‘பிரிவினைத் திரை அகற்றப்பட்டது, வெற்றி’ என்று வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். அவர்கள் குழுவில் ‘ஆபாசக் குளம் மூடப்பட்டது, வெற்றி’ என்று அதே பொம்மைகளாம். வாட்ச்மேன் சொன்னான். அவன் இரண்டிலும் இருக்கிறான்.

ஏப்ரல் 24, வியாழன்

கதவுக்குப் பின்னால் கைத்தடி இல்லை. மறுபடியும் அவள் கையில்.

சமையலறையிலிருந்து ஹாலுக்கு வரும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து வருகிறாள். பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சுவரே போதுமாம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்று தெரிந்ததற்குக் கையைத் தூக்கியிருக்க வேண்டுமா, என் வீட்டில் ஒரு முட்டி வலிக்கிறது என்பதற்காக? அப்படியென்றால் சிரித்தே துறைத் தலைவரான அந்தச் சிரிப்பாளனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ச்சே. எவன்கிட்ட போய் இதக் கேக்கறது? பேங்க்காரன் போனையே எடுக்கறதில்ல.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் குளத்தில் அந்தக் கோச்சுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மனைவி அங்கே போக ஆரம்பித்துவிட்டாள். தனியாக அல்ல. டாக்டர் வீட்டம்மா கார் ஓட்டுகிறாள். நம் குளத்துத் திரைக்குள்ளும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்களாம், ஆரம்பத்திலிருந்தே. எனக்கு இன்றுதான் தெரிகிறது.

“அங்க திரை இருக்கா?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?” என்றாள்.

மே 18, ஞாயிறு

காலையில் கார் கிளம்பிய பிறகு கீழே இறங்கினேன். பூட்டிய குளத்தின் வெளியே சிமென்ட் பெஞ்சில் பல் டாக்டர். கண்ணாடிச் சுவரில் அந்த நைலான் கயிறு மட்டும் இன்னும் இருக்கிறது, யாரும் அவிழ்க்கவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவர் பார்த்துவிட்டார். ஓடினான் என்று சொல்வார்.

“சந்தோஷமா புரொபசர்? உங்களாலதான் மூடிக் கெடக்கு.”

“வழிமொழிஞ்சது நீங்க.”

“முன்மொழிஞ்சது யாராம்?”

அங்கிருந்து பிடித்துக்கொண்டோம். திரை, உடை, பிள்ளைகள் கெட்டுப்போவது, பத்திரிகைகள், யார் முதலில் கதவைப் பிடிக்காமல் விட்டது, எல்லாம். நான் பெஞ்சின் இந்த நுனியில் உட்கார்ந்தது எப்போது என்று தெரியவில்லை. அவர் நடுவில், “எங்க வீட்டுல சாப்பாட்ட மூடி வெச்சுட்டுப் போயிடறா. பேச்சே கெடையாது. எல்லாம் உங்காளுங்க ஏத்திவிட்டது” என்றார். எங்கள் வீட்டில் மூடியும் வைப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள்தான் ஏற்றிவிட்டார்கள் என்றேன். இந்த மாதத்தில் என்னோடு இவ்வளவு நேரம் பேசிய மனிதர் வேறு யாருமில்லை.

கார் வந்தது. ஈரத் தலையோடு இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. என் மனைவியின் கையில் தடி இல்லை, டாக்டர் வீட்டம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். இருவரும் எங்களைத் தாண்டி லிப்டுக்குள் போனார்கள். கதவு மூடியதும் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

டாக்டர் லிப்ட் பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எங்க விட்டோம்?”

விட்ட இடத்தை நானே எடுத்துக்கொடுத்தேன்.