கடை எண் 7 குறித்தும், வடக்குத் தெருவில் கரண்ட் போனதும் மறைந்த ஒட்டகம் குறித்தும்

அனுப்புநர்
மு. இருளாண்டி,
கிளை நூலகர் (ஓய்வு),
வடக்குத் தெரு, மணல்வலசை,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
மணல்வலசை.

பொருள்: பேரூராட்சி வணிக வளாகம், கடை எண் 7 – திரு. பாக்கரின் இணைய மையம் – இணையச் சீட்டாட்டத்தில் மோசடி என்று கொடுக்கப்பட்ட புகார் – அப்புகார் பொய் என்பதும், மோசடி செய்தவர் புகார்தாரரே என்பதும் – வாடகை உரிமத்தை இரத்து செய்யாதிருக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: கடை எண் 7-இன் கதவில் ஒட்டப்பட்ட, விளக்கம் கோரும் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். மனு நீண்டுவிட்டது. தாங்கள் வேண்டிய இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ள வசதியாக உள்ளடக்கத்தை முதலில் தருகிறேன். நூலகத்தில் வேலை பார்த்த பழக்கம், பிழையாயின் பொறுத்தருள்க.

1. திரு. பாக்கரின் மையமும் அவர் மீதான புகாரும்.
2. போக்கர் என்னும் ஆட்டத்தில் எது முறை, எது மோசடி.
3. மின்வெட்டு நேரம் இருவரைக் காட்டிக்கொடுத்த விதம்.
4. சென்ற வெள்ளிக்கிழமை நடந்ததும் அதற்கான சாட்சிகளும்.
5. அன்று நான் வென்றது மின்வெட்டின் தயவால் மட்டுமே என்பதும், எனக்கு ஆட்டத் திறமை இல்லையாதலால் என் கருத்தை அந்த அளவில் கொள்ளலாம் என்பதும்.
6. வேண்டுகோள்.

1. திரு. பாக்கர் ஐந்து ஆண்டுகளாகக் கடை எண் 7-இல் இணைய மையம் நடத்துகிறார். ஊர்ப் பிள்ளைகள் பிளஸ் டூ முடிவு பார்ப்பது அங்குதான். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைத் தாய்மார்கள் திரையில் பார்ப்பதும் அங்குதான். ஓய்வு பெற்றபின் எனக்குக் கணினியைத் தொடவே பயமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பயத்தைப் போக்கியவர் அவர்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் உள்ளூரில் இருக்கும் சிலரும் வெள்ளிக்கிழமை காலைகளில் இணையத்தில் ஒரு மேசையைச் சுற்றிக் கூடுவது வழக்கம். அதற்கு 'வலசை மேசை' என்று பெயர். கடவுச்சொல் தெரிந்த நம் ஊர்க்காரர் மட்டுமே உள்ளே வர முடியும். அவரவர் விருப்பப்படி ஒரு புனைபெயர் வைத்துக்கொள்வார்கள்; நான் மட்டும் என் சொந்தப் பெயரிலேயே ஆடுகிறேன். ஆடுவது புள்ளிகளுக்காக. அந்தப் புள்ளிகளைக் கொண்டு ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது. ஆகவே இது சூதாட்டம் ஆகாது என்பது என் தாழ்மையான கருத்து.

சில மாதங்களாக அந்த மேசையில் ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. இந்த நிலையில் கடை எண் 8-இல் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் திரு. கூத்தையா தங்களிடம் புகார் கொடுத்தார். பாக்கர் தாம் உட்காரும் முதலாளி மேசையின் கணினி வழியாக வாடிக்கையாளர்களின் சீட்டுகளைப் பார்த்து, வெளிநாட்டில் உள்ள கூட்டாளிக்குச் சொல்கிறார் என்பது புகார். தமக்குச் சீட்டாட்டமே தெரியாது என்றும், பொதுநலம் கருதியே எழுதுவதாகவும் அதில் அவர் குறிப்பிட்டிருப்பதாக அறிகிறேன். அவருடைய நோக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

அறிவிப்பு ஒட்டிய நாள் முதல் கடைக்கு ஆள் வரவில்லை. பிள்ளைகள் இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். பாக்கரின் மனைவி உம்மு ஹபீபா என் வீட்டாரிடம், "கடை போனாலும் போகட்டும் மாமி, களவாணிங்கிற பேரோட எப்படித் தெருவுல நடக்க?" என்று கேட்டிருக்கிறார். நான் உள் அறையில் இருந்தபடியே அதைக் கேட்டேன். வெளியே வந்து பதில் சொல்லும் துணிச்சல் அப்போது எனக்கு இருக்கவில்லை.

2. தாங்கள் இந்த ஆட்டத்தை அறியாதிருக்கலாம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகத் தரப்படும். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். தன் கை வலுவானது என்று நினைப்பவர் புள்ளிகளை ஏற்றுவார். பயந்தவர் சீட்டை மடித்து விலகுவார். கடைசிவரை மடிக்காமல் நிற்பவர் ஒருவரே என்றால் அவர் கையைக் காட்டாமலேயே வெல்லலாம்.

கையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டுவது இந்த ஆட்டத்தில் முறைதான். எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு, எல்லோரும் அதைத் தெரிந்தே உட்காருகிறார்கள். ஆனால் கையில் இருப்பதை இன்னொருவருக்கு இரகசியமாகச் சொல்லி, இருவர் சேர்ந்து மூன்றாமவரை நெருக்குவது மோசடி. முதலாவதை நான் வெகுநாள் பொய் என்று நினைத்து ஒதுக்கி வந்தேன். இரண்டும் வேறு என்பது தாமதமாகவே புரிந்தது.

மேசையில் 'ஒட்டகம்' என்றொருவர் தாம் மஸ்கட்டில் இருப்பதாகவும், 'திமிங்கலம்' என்றொருவர் தாம் சவூதியின் தமாமில் இருப்பதாகவும் சொல்லிவந்தனர். ஒட்டகம் ஏற்றினால் திமிங்கலமும் ஏற்றும். நடுவில் சிக்கியவர் எவ்வளவு வைப்பது என்று தெரியாமல் திணறி மடிப்பார். அவர் மடித்த மறுகணம் இருவரில் ஒருவர் மடித்துவிடுவார். தமக்குள் அவர்கள் மோதியதே இல்லை.

3. நம் ஊரின் மின்வெட்டு ஒழுங்கு தங்களுக்குத் தெரியும். பஸ் நிலையப் பக்கத்துக்கு ஒரு நேரம், வடக்குத் தெருவுக்கு வேறு நேரம். வடக்குத் தெருவில் பொங்கல் வரை காலை எட்டு முதல் பத்து வரை மின்சாரம் இருக்காது. பொங்கலுக்குப் பின் அது பத்து முதல் பன்னிரண்டு என்று மாறியது. அத்தெருவில் குடியிருப்பதால் இதை நான் மறக்க வழியில்லை.

பொங்கலுக்கு முன்பு ஒட்டகமும் திமிங்கலமும் பத்து மணிக்கு மேல்தான் மேசைக்கு வருவார்கள். பொங்கலுக்குப் பின்பு பத்து மணிக்கு மேல் அவர்கள் இருந்ததே இல்லை. மஸ்கட்டும் தமாமும் வடக்குத் தெருவின் மின்கம்பியில் தொங்குவதற்கு வாய்ப்பில்லை. இது எனக்குத் தோன்றியபோது மூன்று முறை என்னையே மறுத்துப் பார்த்தேன். தற்செயலாக இருக்கலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமையை விட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே நடந்தது.

பாக்கரிடம் மட்டும் சொன்னேன். "மாமா, இதை வெளியே சொன்னா நான் தப்பிக்கக் கதை கட்டுறேன்னுதான் சொல்லுவாக. எல்லாரும் பாக்க நடக்கணும்" என்றார் அவர். அது சரியே என்று எனக்கும் பட்டது. அவருடைய மையம் பஸ் நிலையப் பக்கம் இருப்பதால் வடக்குத் தெருவில் மின்சாரம் போனாலும் அங்கே போகாது. இருட்டில் யார் காணாமல் போகிறார்கள் என்பதை வெளிச்சத்தில் இருந்து பார்க்கலாம்.

4. சென்ற வெள்ளிக்கிழமை, 06.03.2009 அன்று, என் வேண்டுகோளின்படி பாக்கர் முதலாளி மேசைக் கணினியை அணைத்துவிட்டு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நின்றார். பஸ்ஸுக்குக் காத்திருந்த அனைவரும் அவரைப் பார்த்தனர். மையத்துக்குள் நான் ஒருவனே இருந்தேன்.

பத்து மணிக்குச் சற்று முன்பு ஒரு ஆட்டம் தொடங்கியது. எனக்கு வந்தவை இஸ்பேடு இரண்டும் கிளாவர் ஏழும். இதைவிட மட்டமான ஜோடி இந்த ஆட்டத்தில் கிடையாது. முறைப்படி நான் உடனே மடித்திருக்க வேண்டும். மடிக்கவில்லை. ஒட்டகம் ஏற்றியது, திமிங்கலம் ஏற்றியது. மஸ்கட்டில் கணவருடன் வசிக்கும் நம் ஊர் காலிதா மடித்து விலகினார். நாங்கள் மூவர் எஞ்சினோம். மேசையில் விழுந்த ஐந்தில் நான்கு ஆட்டீன். கையில் ஒரே ஒரு பெரிய ஆட்டீன் இருப்பவர் ஆட்டத்தை அள்ளிவிடலாம். என்னிடம் ஒன்றும் இல்லை.

என் திட்டம் எளியது. ஒவ்வொரு முறையும் எனக்கு அனுமதித்த நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பத்து மணிவரை இழுப்பது. பதில் வராதவரின் சீட்டு மடிந்ததாகவே கொள்ளப்படும் என்பது விதி. ஆனால் பத்து மணி ஆயிற்று, அவர்கள் மறையவில்லை. அன்றைக்கென்று மின்வெட்டு தாமதம். என் முறை வந்துவிட்டது. மடித்தால் எல்லாம் வீண். ஆகவே என்னிடம் இருந்த புள்ளிகள் அனைத்தையும் ஒரேயடியாக வைத்துவிட்டு, பயத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது இருவர் பெயரும் இணைப்பு அறுந்து ஒருசேர மங்கிக் கிடந்தன. மேசையில் இருந்த புள்ளிகள் முழுவதும் என் பெயருக்கு வந்திருந்தன.

மேசையைச் சுற்றி இருந்த நம் ஊர்க்காரர்கள் எழுத ஆரம்பித்தார்கள். காலிதா அண்ணன் முறை வைத்து எழுதியது: "ஒட்டகம் காக்கா, மஸ்கட்ல எங்கன இருக்கீக? நானும் இங்கனதான் இருக்கேன், கரண்ட் போகலையே!" வேறொருவர், "தமாம்லயும் கரண்ட் இருக்கு. ஊர்ல யாருக்கும் போன் போட்டுக் கேளுங்கப்பா, எந்தத் தெருவுல போச்சுன்னு" என்று எழுதினார். நான் கண்ணாடிக் கதவைத் திறந்து டீக்கடையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அவ்வளவு உயரமாக நான் கையை உயர்த்தியது எப்போது என்று நினைவில்லை. பாக்கர் டீயைக் கீழே வைக்காமல் சாலையைக் கடந்து ஓடிவந்தார்.

அதே வேளையில் என் மனைவி வீரலட்சுமி எங்கள் வீட்டு மாடியில், முதுகுளத்தூரில் இருந்து வந்த மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீடு திரு. கூத்தையாவின் வீடு. மாடி ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் மின்சாரம் போனதும் திரு. கூத்தையா தம் மைத்துனர் தவசியிடம், "போச்சுலே தவசி! ரெண்டு கம்ப்யூட்டர் பொட்டியும் போச்சுலே!" என்று கத்தியது தெளிவாகக் கேட்டதாக வீரலட்சுமி சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் திரு. கூத்தையா எனக்குப் பின்னால் நின்றார். எதிர்வீட்டுக்காரர், ஆள் பலம் உள்ளவர். ஆனாலும் அவர் சண்டைக்கு வரவில்லை. "சார், மனசு கேக்கல. அன்னிக்குக் கையில என்னதான் வச்சிருந்தீக?" என்று கேட்டார். வரிசையில் நின்ற முனியசாமி திரும்பி, "எந்தக் கையிலண்ணே? ஒங்களுக்குத்தான் சீட்டே தெரியாதே!" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. திரு. கூத்தையா கறி வாங்காமலே போய்விட்டார்.

அவர் கேள்விக்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. சீட்டைக் காட்டாமல் வென்றவர் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்பது விதி. அரசு அலுவலகத்தில் உண்மையை மறைக்கக்கூடாது என்பதால் இம்மனுவில்தான் முதன்முறையாக வெளியிட்டிருக்கிறேன்.

5. மேற்கண்ட வெற்றியில் என் பங்கு எதுவும் இல்லை. மின்சாரம் போனது, எதிரிகள் மறைந்தார்கள், விதிப்படி வெற்றி என்னிடம் வந்தது. ஆட்டத்தை நன்கு அறிந்தவன் என்று தாங்கள் என்னைக் கருதிவிட வேண்டாம்.

6. ஆகவே அய்யா அவர்கள், வருகிற வியாழக்கிழமை விசாரணையில் காலிதா முதலான ஊர்க்காரர்கள் மின்னஞ்சலில் அனுப்பியுள்ள கையெழுத்திட்ட சாட்சியங்களையும், வீரலட்சுமி, முனியசாமி ஆகியோரின் வாய்மொழியையும் ஏற்று, கடை எண் 7-இன் உரிமத்தைத் தொடரச் செய்யவும், கதவில் ஒட்டிய அறிவிப்பை எல்லோரும் பார்க்கும் பகல் நேரத்தில் அகற்றவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். ஒட்டும்போது ஊர் பார்த்தது. கிழிக்கும்போதும் பார்க்க வேண்டும். பொய்ப் புகார் கொடுத்தவர் மீது தாங்கள் எடுக்கும் நடவடிக்கை தங்கள் முடிவுக்குரியது. அவரைக் கடையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுவர் இருக்கும் இடத்திலேயே இருந்தால் போதும்.

இந்த மனுவை நேற்று மாலை எழுதி முடித்தேன். உண்மை எதையும் மாற்றிவிடவில்லையே என்று சரிபார்க்க, இன்று காலை வீரலட்சுமிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நான்காம் கூறு வரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் ஐந்தாவதில் நிறுத்தச் சொன்னார். "கரண்ட் போனதாலயா ஜெயிச்சீக? யாரு சொன்னா?" என்று கேட்டார். மின்சாரம் போவதற்கு முன்பே, தெருவில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து, "மடிச்சிருலே தவசி, நானும் மடிக்கிறேன். பயந்தாங்கொள்ளி மனுசன், கையில இல்லாம இம்புட்டையும் வைக்க மாட்டாரு" என்று கேட்டதாம். அதன் பிறகுதான் மின்சாரம் போயிற்றாம். இதை என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

உடனே மையத்துக்குப் போய்க் காலிதாவுக்கு எழுதிக் கேட்டேன். திமிங்கலம் மடித்தது, ஒட்டகம் மடித்தது, புள்ளிகள் என்னிடம் வந்தன, அதற்குப் பின்னரே இருவர் பெயரும் மங்கின என்று அவர் உறுதி செய்தார். எல்லோரும் திரையில் பார்த்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன் மட்டுமே.

அலுவலக மனுவில் அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் ஐந்தாம் கூறை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். இருவர் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதை மின்வெட்டு காட்டியது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஆட்டத்தை அது எனக்கு வென்று தரவில்லை. இரண்டையும் ஏழையும் வைத்துக்கொண்டு அவர்கள் இருவரையும் மடிக்க வைத்தது நான்தான். ஆகவே ஐந்தாம் கூறு தவறு என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். இம்மனுவின் நகலைப் புகார்தாரருக்கு அளிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இடம்: மணல்வலசை
நாள்: 10.03.2009

தங்கள் நீதியை நம்பும்,
மு. இருளாண்டி