சாட்டைப்புழுவுக்கு ஒத்தை மாத்திரை

டெய்சி நைனா,

நான் இறால் உரிக்கக் கிளம்பிட்டேன். மடவை மீன் குழம்பு சட்டியில இருக்கு. அலமாரியில டெய்சிக்குப் புது மாத்திரை வெச்சிருக்கேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, மூணு நாளைக்கு மென்னு முழுங்க வை. அவ வயித்துல இருக்கறது சாட்டைப்புழுவாம். நீ வாங்கியாந்த ஒத்தை மாத்திரைக்கு அது லேசுல போகாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

"நர்ஸ் குணசுந்தரி குடுத்தா கரெக்டா இருக்கும்"னு நேத்து என்கிட்ட சண்டைக்கு வந்தியே, இப்ப இன்னா சொல்ற?

மாத்திரை முடிஞ்சப்புறம் மறுபடியும் மலம் டெஸ்ட் பண்ணணுமாம். டப்பாவை நானே ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறேன். அதுக்கு நீ சட்டை இஸ்திரி போட வேணாம்.

கிறிஸ்டினா

ஒண்ணு வுட்டுட்டேன். ஊரே அந்த குணசுந்தரியை சிஸ்டர்னுதான் கூப்பிடுது. நீயும் அப்படியே கூப்பிடு.