மாதா வரும் நாளுக்குள் ஓர் ஊதாப்பூ

ஏப்ரல் 18, சனி

காலை எட்டுக்கே தரை சுடுகிறது. பரீட்சை முடிந்தது. தெருவில் செடி வண்டி.

நூலகப் புத்தகத்தில் படித்த கோடைக்கால ஸ்னாப்டிராகன் பூச்செடி வண்டியில் இருந்தது! வண்டிக்காரர்: "ஏஞ்சலோனியா பாப்பா. வெயில் ஜாஸ்தி அடிச்சா ஜாஸ்தி பூக்கும். ரோஸு மாரி அழுவாது."

பூத்த செடியை வாங்கக் கூடாது, கிளை அதிகமுள்ள குட்டியைத்தான் வாங்கணும் என்று புத்தகம். அப்படியே மூன்று செடி. செ.1, செ.2 ஊதாவாம். செ.3 வெள்ளையாம். இலையைக் கசக்கினால் ஆப்பிள் வாசனை, விரலில் லேசான பிசுபிசுப்பு.

அம்மா: "இன்னாடி, பூத்துகீற செடிய வுட்டுட்டு தழைய தூக்கினு வர்ற?"

பழைய பெயிண்ட் வாளி மூன்று. அடியில் ஓட்டை போட்டாச்சு. மொட்டை மாடி, கிழக்கு மூலை.

ஏப்ரல் 19, ஞாயிறு

தெரு ஜெபக்கூட்டம். மே மாதம் மாதா சிலை, அதான் சுரூபம், ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஒரு சாயந்திரம் வந்தால் மறுநாள் சாயந்திரம் வரை அங்கேயே. எங்கள் வீட்டுக்கு 16. பட்டியல் எழுதிய பிலோமினா ஆண்ட்டி, "போன வருசம் மாரி பிளாஸ்டிக் பூ வெச்சிடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் எழுந்து, "இந்த வருசம் நானே வளர்த்த பூ வைப்போம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்!

அக்கா ஸ்டெல்லா வழியெல்லாம்: "ஏழு இலை கீது. அத்த வெச்சிடு."

ஏப்ரல் 26, ஞாயிறு

காசிமேட்டு சங்கரா மீன். கழுவிய தண்ணீர் செடிக்கு நல்ல உரம் என்று பள்ளியில் தோழி சொல்லியிருந்தாள். ஒரு சொம்பு வீதம் மூன்றுக்கும். இனி மீன் வாங்கும் நாளெல்லாம் ஊற்றணும். பூனை இரண்டு வந்து சட்டமாக உட்கார்ந்தன. விரட்டினேன்.

மே 2, சனி

அனல். இலை ஓரம் எல்லாம் பழுப்பு. செ.3 தொங்கிவிட்டது. லாரித் தூசியோ? துடைத்துப் பார்த்தேன். தூசி போச்சு, பழுப்பு போகவில்லை.

மே 3, ஞாயிறு

மண்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. நுனி நாக்கில் வைத்தேன். உப்பு.

கீழே வந்தால் அம்மா மீனுக்குக் கல்லுப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எப்போதும் அப்படித்தான் கழுவுவாள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். இதைத்தான் நாலு தடவை ஊற்றியிருக்கிறேன். செடிகளைக் கொன்றது நான்.

அழுதேன். அப்புறம் புத்தகம். உப்பு இறங்க, நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வடியவிடணும். போர் தண்ணீரும் உப்பு. குடிக்க வரும் லாரித் தண்ணீரைக் கேட்டால் அம்மா அடிப்பாள்.

பக்கத்து வீட்டு மும்தாஜ் ஆண்ட்டியின் ஏசி குழாய்! எங்கள் படியில்தான் சொட்டும். உப்பே இருக்காது. வாளி வைக்கலாமா என்று கேட்டேன்.

"எட்துக்கோ கண்ணு. அந்தத் தண்ணி சொட்டுதுன்னுதான உங்கம்மா ரெண்டு வருசமா என்கூட சண்ட போடுது."

ஒரு நாளில் ஒரு வாளி நிறையுமாம். இனி தினமும் செடிக்கு அதுதான். கருகிய நுனியை எல்லாம் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மாதிரி இருந்தது.

மே 11, திங்கள்

செ.3 போச்சு. செ.2 குச்சி மட்டும். செ.1: வெட்டிய இடத்துக்குக் கீழே ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்!! பதினொன்று. இரண்டு தடவை எண்ணினேன்.

ஆனால் மொட்டு இல்லை. இன்னும் ஐந்தே நாள்.

மே 12, செவ்வாய்

பிலோமினா ஆண்ட்டி வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவர் முறை 23. மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். மீன் தண்ணீர் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

"உன் செடி பூக்குற வரிக்கும் மாதா வெயிட் பண்ணணுமா? நல்லா கீதே கத!"

நான் அசையவில்லை.

"சரி, வாங்கிக்கோ. 23 எங்க நாத்தனார் வூட்ல ஞானஸ்நானம், எப்டி போறதுன்னு நானே பேஜாராயி கெடந்தேன். உங்கம்மா கையில நான் கேட்டேன்னு சொல்லு, இன்னா?"

திரும்பி வரும்போது ஓடினேன்.

மே 20, புதன்

செ.1 உச்சியில் ஒரு கதிர். பச்சை மொட்டு எட்டு. அடிமொட்டின் நுனியில் ஊதா மாதிரி. அல்லது என் ஆசை. ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "ஊதாதான்" என்றாள். கிண்டல் இல்லை.

மே 23, சனி

காலை 6. அடிமொட்டு பாதி பிரிந்திருக்கிறது.

10 மணி. திறந்துவிட்டது! குட்டி வாய் மாதிரி, உள்ளே வெள்ளைப் புள்ளி. ஒன்றே ஒன்று.

2 மணி. வேறு எதுவும் திறக்கவில்லை. சமையலறையில் ஈரத்துணிக்குள் மல்லிச்சரம், அம்மா ஒளித்து வைத்திருக்கிறாள். கோபம் வரவில்லை. முதலில் கொஞ்சம் வந்தது.

கத்தரிக்கோலோடு மாடிக்குப் போனேன். வெட்டவில்லை. ஒரு பூவுக்காக ஏழு மொட்டும் போகும். வாளியோடு இறக்கினோம், ஸ்டெல்லா ஒரு பக்கம். "மாதா பக்கத்துல பெயிண்ட் வாளியா?" என்று கேட்டுக்கொண்டே தன் வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துச் சுற்றினாள்.

5.40. அம்மா குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுதான் பூத்துகீதா?"

"ஒண்ணுதாம்மா."

விரல் படாமல் மொட்டுகளை எண்ணினாள். "நாளிக்கி சாய்ந்தரம் வரிக்கும் மாதா இங்கதான இருக்கும். காலீல இன்னும் ரெண்டு பூக்கும், பாரு."

மல்லியை எடுத்து வாசல் நிலையில் கட்டிவிட்டு வந்தாள். சுரூபம் வைக்கும் மேசையில் என் வாளி மட்டும்.

தெருமுனையில் ஜெபமாலை கேட்கிறது. முகம் கழுவணும். தலை வேறு வாரவில்லை