தண்ணீர் விடக்கூடாத பாத்தி

1974, மாசி, செவ்வாய் இரவு.

காலையில் முதலில் கண்ணில் பட்டது ஈரம். தண்ணீர் விடக்கூடாத சோளப் பாத்திகளில் ஒன்றில் மண் கருத்திருந்தது. கோயம்புத்தூர், தார்வார், ஐதராபாத் விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து இந்தப் புது விதையை நாலு ஊரில் போட்டு, வறட்சியைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். எங்கள் நிலமும் அதில் ஒன்று.

அம்மாவைக் கேட்டேன்.

"வாடிக் கெடக்கறதப் பாத்துட்டுச் சோறு எறங்குமா? ரெண்டு கொடந்தான் ஊத்துனேன்."

அதற்குள் விஞ்ஞானிகளின் ஜீப் வந்துவிட்டது. சொல்லாவிட்டால் மற்ற ஊர்க்காரர்கள் பட்ட பாடும் வீண். சொன்னால் எங்கள் நிலமே வேண்டாம் என்று போய்விடுவார்களோ, அப்பா என்ன சொல்வாரோ. கோயம்புத்தூர் சார் குனிந்து பார்த்து, "பரவால்லையே, நல்லாத் தாங்குது" என்றார். அப்போது எப்படியோ வாய் திறந்துவிட்டேன்.

"அதுக்கு அம்மா தண்ணி ஊத்திருச்சுங்க சார்."

அவர் சிரித்துவிட்டார்.

"இங்கயுமா? தார்வார்லயும் ஒரு அம்மா இதையேதான் பண்ணிட்டாங்க. அதுக்குத்தாம்மா நாலு ஊர்ல போடறோம். ஒண்ணு கெட்டா மத்தது சொல்லும்."

அந்தப் பாத்தியை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். அடுத்த போகத்துக்கும் இங்கேயே விதைப்பதாக அப்பாவிடம் சொன்னார். எனக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

ஜீப் போனதும், மீதி இருந்த வறண்ட பாத்திகளைச் சுற்றி முள் வெட்டிப் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.