பாதி அழுத்தினால் எழுத்து விழாது

ஒரகடம் கம்பெனி பஸ் வர ஐந்து நிமிடம்தான் இருந்தது. முனிரத்தினம் காலண்டர் தாளைக் கிழித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மனைவி புஷ்பலதாவுக்கு எழுத உட்கார்ந்தான்.

கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அங்கேயே ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டர் வேலை தருகிறோம் என்றார்கள்; வெள்ளிக்கிழமை டைப்பிங் டெஸ்ட். பழகட்டும் என்று, சூட்கேஸ் போல் கைப்பிடி வைத்த ஒரு பழங்காலத்துக் கம்ப்யூட்டரை வாலாஜாபாத் ரிப்பேர் கடையிலிருந்து தூக்கி வந்தான். நேற்று அவள் ஓர் எழுத்துக்குத் தடுமாறியபோது, பொறுக்காமல் தானே கை நீட்டி அழுத்திவிட்டான்.

"அப்போ டெஸ்டையும் நீயே போய் எழுது" என்று எழுந்து போனவள், அப்புறம் பேசவேயில்லை.

"புஷ்பா, கொழம்ப சூடு பண்ணிக்கோ. வீட்டு சாவி ஜன்னல்ல கீது. மிஷின மூடி வெச்சுட்டேன்; நேத்து மாதிரி மூடியக் கழட்டுனா அதான் கீபோர்டு. பழசு, பாதி அழுத்துனா எழுத்து விழாது. நல்லா அமுக்கு. நேத்து நான் கை வெச்சது தப்பு. எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கோ."

வெளியே ஹாரன் அடித்தது. அடியில் இடுக்கி எழுதினான்: "உங்க அக்கா வந்தா மிஷினப் பாத்து சிரிக்கும். சிரிக்கட்டும்."

சாயங்காலம் திரும்பியபோது அவள் மிஷின் முன்னால்தான் இருந்தாள். திரையில் ஆங்கில எழுத்தில் பதினேழு வரி தமிழ். கடைசி வரியை அவன் கூட்டிப் படித்தான்:

"டீ போட்டு எடுத்துகினு வந்து பக்கத்துல உக்காரு."