ஓடும் லாரியை எடை பார்க்கும் தகடு

ஈப்போ
12.8.1986

மாமிக்கு மருமகள் அஞ்சலையின் வணக்கம். முட்டிவலி தேவலையா? வாசுகி ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாளா? நான் சுகம்.

இங்கே ரோட்டில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். லாரி நிற்காமல் அதன்மேல் ஓடினாலே ரோட்டோரக் கொட்டகையில் எடை தெரிந்துவிடும். தகட்டில் மண் சேராமல் கூட்டுவது என் வேலை.

நேற்று பாரம் அதிகமென்று பலகை ஏற்றிய ஒரு லாரியை ஓரங்கட்டினார்கள். டிரைவர் என்னிடம் கத்தினார்.

"நீ கூட்டாம விட்டிருந்தா நான் போயிருப்பேன்லா அக்கா!"

"பாதிய இறக்கிட்டுப் போங்க அண்ணே. வீட்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் கயிற்றை அவிழ்த்துப் பலகையை இறக்க ஆரம்பித்தார். இவ்வளவு பாரத்துக்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்று எடை பார்க்கிறவர் சொன்னார். உங்கள் மகன் அன்றைக்கு ஏற்றிப் போன பலகை இதைவிட உயரம், மாமி. நான் கண்ணால் பார்த்தேன். வேகமாக ஓட்டிச் செத்தார் என்று முதலாளி சொன்னதை இனி நம்பாதீர்கள். அப்பா மேல் தப்பில்லை என்று வாசுகியிடமும் சொல்லுங்கள்.

அவருடைய தெர்மோசை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இன்னும் இரண்டு பேருக்குத்தான் தேத்தண்ணி போட வருகிறது, மிஞ்சிப் போகிறது.

லாரிகள் வருகின்றன. தகட்டைக் கூட்டப் போகிறேன்.

அஞ்சலை